பழையசோத்துல இரும்பு 73.91 மில்லிகிராமா? கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை (இழையை ஆரம்பிச்சவர்):

வணக்கம் மக்களே. நமக்கு நீடாமங்கலம் பக்கம். வீட்டுல ஆறாம் மாசம் நடக்குது, போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்த்ததுல எச்பி (ஹீமோகுளோபின்) 8.6 தான் இருக்குன்னாங்க. செவப்பா இருக்கற இரும்புச்சத்து மாத்திரை குடுத்து காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதிருக்காங்க. ரெண்டு நாள் போட்டா, அப்புறம் வயித்தப் பொரட்டுது, வெளிக்கிப் போனா கருப்பா போவுதுன்னு அட்டைய தூக்கி பிரிட்ஜ் மேல போட்டுட்டா. எங்கம்மாவும் அதுக்கு ஒத்து ஊதுறாங்க. காரணம் குடும்ப குரூப்புல வந்த ஒரு மெசேஜு. 100 கிராம் சோத்துல 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்காம், ராத்திரி 12 மணி நேரம் தண்ணில ஊறுனா அதுவே 73.91 ஆயிடுமாம், அமெரிக்காக்காரனே சொல்லிட்டானாம், பி12 வேற சும்மா கொட்டுதாம். மாத்திரையெல்லாம் எதுக்கு, தெனம் ஒரு சொம்பு நீராகாரம் போதும்ங்கிறாங்க. நான் படிச்சது பி.காம், பேலன்ஸ் ஷீட்டுல இப்படி ஒரு நம்பர் ஏறியிருந்தா பில்லு எங்கன்னு கேப்பேன். இதுக்கு யார்கிட்ட பில்லு கேக்குறது?

நாற்றங்கால்:

தம்பி, அம்மா சொல்றதக் கேளுங்க. நம்ம தாத்தன் பாட்டன் வெறும் பழையதும் வெங்காயமும் தின்னுட்டு நாள் பூரா நடவுலயும் அறுப்புலயும் நின்னாங்க. மாத்திரையா சாப்ட்டாங்க? நானே மூணு வருசமா மாப்பிள்ளைச் சம்பா பழையதுதான் காலைல, 52 வயசுல பாட்டில் தண்ணி மாதிரி தெளிவா இருக்கேன்.

டஸ்டர்:

மேல்நிலைப் பள்ளியில வேதியியல் எடுக்குறேன், அதனால இதுல மூக்கை நுழைக்கலன்னா தூக்கம் வராது. இரும்புங்கிறது தனிமம். சோத்துல என்ன பாக்டீரியா வளர்ந்தாலும் அது ஒரு இரும்பு அணுவக்கூட புதுசா உண்டாக்க முடியாது. வைட்டமின் அப்படி இல்ல, அது கார்பன் நைட்ரஜன்லாம் கோத்துக் கட்டுன மூலக்கூறு, அதை நுண்ணுயிர் செய்யலாம். இரும்பு, கால்சியம், துத்தநாகம் எல்லாம் உள்ள போட்டது எவ்வளவோ அவ்வளவுதான், கூடணும்னா பாத்திரத்துலேர்ந்தோ தண்ணிலேர்ந்தோ வரணும். சட்டி மண்ணா, சில்வரா, ஈயம் பூசின பித்தளையான்னு பார்த்தா அதுலயும் 70 மில்லிகிராம் வர வழியில்ல. இன்னொண்ணு, அந்த 3.4ங்கிறதே இடிக்குது. தீட்டின அரிசி, பச்சையோ புழுங்கலோ, 100 கிராம்ல இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் கீழதான்.

ஜூரோங்_கடைமடை:

அப்ப நம்மூர்ல வீடு கட்டுறவன் ஒரு டன் கம்பி வாங்கி ராத்திரி ஊறப்போட்டா காலைல இருபத்தோரு டன் ஆயிருக்கணுமே. அண்ணே நான் இங்க கப்பல் பட்டறைல வேலை பாக்குறேன், பன்னெண்டு வருசமா இரும்பு தண்ணிலதான் கெடக்கு, ஒரு கிலோ கூட ஏறல, துருதான் ஏறுது 😂

நாற்றங்கால்:

கிண்டல் பண்றது சுலபம். வாத்தியாரே நான் முட்டாள் இல்ல, அணு கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா தானியத்துல பைட்டிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, அது இரும்ப கவ்விப் புடிச்சுக்கிட்டு ஒடம்புல சேர உடாது. புளிக்க வெச்சா அது ஒடையுது, இரும்பு விடுபடுது. அதைத்தான் எவனோ தப்பா எழுதிட்டான். மொத்தமா பொய்யின்னு தூக்கிப் போடாதீங்க.

டஸ்டர்:

இது சரியான பேச்சு, ஒத்துக்குறேன். அந்த பைட்டிக் அமிலம், அதான் பைட்டேட், அது விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, தோசை மாவு கேழ்வரகு கூழெல்லாம் புளிக்க வெச்சா இரும்பு நல்லா சேரும், லாக்டிக் அமிலமும் இரும்ப கரைஞ்ச நிலைல வெச்சுக்கும். ஆனா ஒரு கணக்கு பாருங்க. பைட்டேட் பெரும்பாலும் இருக்கறது தவிட்டுல. தீட்டின அரிசில தவிடே போயிடுச்சு, இரும்பும் கூடவே போயிடுச்சு. பூட்டும் இல்ல, பெட்டில பணமும் இல்ல, அப்புறம் சாவி எதுக்கு? உங்க மாப்பிள்ளைச் சம்பாவ தவிடோட சாப்டறீங்க, உங்களுக்கு கொஞ்சம் பலன் உண்டு. நீடாமங்கலத்துத் தம்பி வீட்டுல என்ன அரிசின்னு அவர் சொல்லணும்.

வெண்ணாத்தங்கரை:

கடையில வாங்குற பொன்னி புழுங்கல் சார். பளபளன்னு இருக்கும். வடிச்சுத்தான் சாப்டுவோம், குக்கர் சோறு அம்மாவுக்குப் புடிக்காது. கஞ்சி மாட்டுக்கு.

பழைய_சிஸ்டர்:

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியரா 31 வருசம் இருந்து ரிட்டயர் ஆனவ, கடைசியா வேலை பார்த்தது திருத்துறைப்பூண்டி பக்கம். பெரிய பெரிய பேரெல்லாம் எனக்கு வராது, கண்ணால பார்த்ததைச் சொல்றேன். நடவுக்குப் போற பொம்பளைங்க அத்தனை பேரும் காலைல பழையது குடிச்சுட்டுத்தான் போவாங்க, பொறந்ததுலேர்ந்து அதான் சாப்பாடு. இமையைக் கீழ இழுத்துப் பார்த்தா பத்துல ஆறு பேருக்கு வெள்ளைச் சுண்ணாம்பா இருக்கும். 73 மில்லிகிராம் இருந்துச்சுன்னா நான் ஏன் பைய தூக்கிக்கிட்டு வரப்பு வரப்பா மாத்திரை குடுத்துக்கிட்டு அலைஞ்சேன்? செவப்பு மாத்திரை ஒண்ணுலயே இரும்பு 60 மில்லிகிராம்தான்.

அதோட இன்னொண்ணு யாரும் சொல்லல. சேத்துல வெறுங்காலோட நிக்கறவங்களுக்கு கொக்கிப்புழு. கால் தோல் வழியா ஏறி, குடல்ல போய் கவ்விக்கிட்டு தெனம் ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிக்கிறது சொட்டுதான், ஆனா நூறு இருந்தா? ஓட்டைப் பானைல எவ்வளவு ஊத்துனாலும் நிக்குமா? உங்க வீட்டுக்காரிக்கு பூச்சி மாத்திரை குடுத்தாங்களான்னு அட்டைல பாருங்க, இல்லன்னா கேளுங்க, நீங்களா வாங்கிப் போடாதீங்க.

மாத்திரை விஷயம். கருப்பா போறது ரத்தமில்ல, சேராத இரும்பு வெளிய போவுது, பயப்படாதீங்க. பொரட்டுதுன்னா வெறும் வயித்துல போட வேணாம், சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு போடச் சொல்லுங்க. ஒரு எலுமிச்சம்பழத் தண்ணியோட போட்டா ரொம்ப நல்லது. கால்சியம் மாத்திரையும் குடுத்துருப்பாங்க, ரெண்டையும் சேத்து முழுங்கக்கூடாது, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் ரெண்டு மணி நேரம் எடவெளி உடணும். முக்கியமா டீ. மாத்திரைக்கு முன்னாடி பின்னாடி டீ காபி கெடையாது. அவ எப்ப டீ குடிக்கிறா?

வெண்ணாத்தங்கரை:

சிஸ்டர்... மாத்திரையவே டீயிலதான் முழுங்குனா. தண்ணில போட்டா கொமட்டுதாம்.

பழைய_சிஸ்டர்:

அடக் கடவுளே.

டியூட்டி_ரூம்:

சிஸ்டர் சொன்னதெல்லாம் அப்படியே சரி. ஹவுஸ் சர்ஜன் நான், நைட் டியூட்டில உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கேன். ஏன்னு மட்டும் சேர்த்துடறேன்: தாவர உணவுல இருக்கற இரும்பு பெரும்பாலும் மூணு எலக்ட்ரான் இழந்த வடிவம், குடல் செல்லு உள்ள எடுக்கறது ரெண்டு இழந்த வடிவத்த. வைட்டமின் சி ஒரு எலக்ட்ரானத் திருப்பிக் குடுத்து மாத்திடும், அதான் எலுமிச்சை, நெல்லிக்காய். டீயில இருக்கற டானின் போன்ற பொருளுங்க இரும்போட ஒட்டிக்கிட்டு கரையாம பண்ணிடும். ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன்ல வர்ற இரும்பு ஹீம்ங்கிற மூலக்கூறு கூட்டுக்குள்ள ஒக்காந்து வர்றதால இந்த சண்டை எதுலயும் மாட்டாது. கர்ப்பத்துல 11க்குக் கீழ போனாலே ரத்தசோகை, 8.6 நடுத்தர வகை, ஆறாம் மாசத்துல இதை வெளையாட்டா எடுக்கக்கூடாது. மாத்திரை நிக்கவே இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஊசி வழியா இரும்பு ஏத்தற வழி இருக்கு, அது அவங்க பார்த்து முடிவு பண்றது.

பி12ம் கேட்டீங்க. அதைச் செய்யறது பாக்டீரியாதான், உண்மை. ஆனா எல்லா பாக்டீரியாவும் செய்யாது, பழையசோத்துல வளர்ற லாக்டிக் வகையில பெரும்பாலானதுக்கு அந்த வேலை தெரியாது. பழையசோத்துல தயிரு ஊத்துனா அந்த தயிர்ல பி12 இருக்கு, கருவாடு கடிச்சா கருவாட்டுல இருக்கு. பேரு மட்டும் சோத்துக்குப் போவுது.

ஆவிக்குடோன்:

எல்லாரும் பழையதையே புடிச்சுத் தொங்குறீங்க, புழுங்கலப் பத்தி ஒருத்தரும் பேசல. நமக்கு மன்னார்குடி பக்கம் ரைஸ் மில்லு, தாத்தா காலத்துது. நெல்ல தொட்டில ஊறப்போடணும், முன்னல்லாம் பச்சத்தண்ணில ரெண்டு மூணு நாள் கெடக்கும், அந்த ஊறல் நாத்தம் ரெண்டு தெரு தாண்டி அடிக்கும், எங்க வீட்டுல பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்களாம். இப்ப 70 டிகிரி சுடுதண்ணி, மூணு நாலு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடுது. தண்ணிய தொறந்துவிட்டுட்டு உமி பாய்லர்லேர்ந்து ஆவி உடுவோம், நெல்லு லேசா வாயைப் பொளக்கும், அதான் பதம், அதுக்கு மேல விட்டா சோறு நசநசன்னு ஆயிடும். அப்புறம் களத்துல காயப்போட்டு காலால கோடு போட்டுக்கிட்டே இருக்கணும். எங்கப்பா ஈரம் பாக்க மெஷின் வாங்குனதே பின்னாடிதான், ஒரு நெல்ல உமி நீக்கி பல்லுக்கு நடுவுல வெச்சுக் கடிப்பாரு, டக்குனு ஒடையணும், நசுங்குச்சுன்னா இன்னும் ஒரு வெயில் வேணும்பாரு.

இந்த ஆவி விடறதுல ஒரு சூட்சுமம் இருக்குன்னு தஞ்சாவூர்ல ஒரு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. 1967ல திருவாரூர் மாடர்ன் ரைஸ் மில்லுல ஆரம்பிச்ச நெல் ஆராய்ச்சிக்கூடம்தான் பின்னாடி தஞ்சாவூருக்கு வந்து இப்ப பெரிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமா நிக்குது, அங்கதான். தவிட்டுலயும் முளைலயும் இருக்கற பி1 வைட்டமின் தண்ணில கரையற சரக்கு, ஊறும்போது கரைஞ்சு, ஆவி அடிக்கும்போது அரிசிக்குள்ள எறங்கிடுமாம், மாவு வெந்து கெட்டியாவறப்போ உள்ளயே பூட்டிக்குமாம். அதுக்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் நிக்கும். அதே நெல்ல பச்சையா தீட்டினா எல்லாம் தவிட்டோட எண்ணெய் ஆலைக்குப் போயிடும்.

டஸ்டர்:

குடோன்காரரே உங்களத்தான் எதிர்பார்த்தேன். தீட்டின பச்சரிசில 100 கிராமுக்கு பி1 சுமார் 0.05 மில்லிகிராம், அதே அளவு புழுங்கல்ல 0.17 கிட்ட, ஏறக்கொறைய மூணு மடங்கு. இது ஒரு காலத்துல சாவுக்கும் வாழ்வுக்கும் வித்தியாசம். பி1 இல்லாம வர்ற பெரிபெரின்னு ஒரு வியாதி. 1890 வாக்குல ஜாவாவுல டச்சுக்கார டாக்டர் எய்க்மான் கிருமி தேடிக்கிட்டு இருந்தாரு, அவரோட கோழிங்க திடீர்னு கால் இழுத்துக்கிட்டு விழுந்துச்சு, கொஞ்ச நாள்ல தானா எழுந்து நடந்துச்சு. விசாரிச்சா, நடுவுல ராணுவ ஆஸ்பத்திரி மிச்சச் சோறு, நல்லா தீட்டின வெள்ளைச்சோறு, கோழிக்குப் போயிருக்கு. புதுசா வந்த சமையக்காரரு ராணுவத்து அரிசிய சிவில் கோழிக்குத் தர முடியாதுன்னு நிறுத்திட்டாரு! ஒரு சமையக்காரரோட கறார்லேர்ந்து வந்த கண்டுபிடிப்பு, 1929ல நோபல் பரிசு. எய்க்மானே மொதல்ல அரிசில ஏதோ விஷம்னுதான் நெனச்சாரு, ஏதோ ஒண்ணு இல்லாததுதான் வியாதின்னு 1901ல சரியாச் சொன்னது அவருக்கு அடுத்து வந்த கிரைன்ஸ்.

நம்ம பக்கமும் கதை இருக்கு. பழைய சென்னை மாகாணத்துல பெரிபெரி அடிச்சது வடக்க, பச்சரிசிய தீட்டிச் சாப்ட்ட ஆந்திரக் கடலோரத்துல. புழுங்கல் சாப்ட்ட தமிழ்ப் பகுதில கிட்டத்தட்ட இல்ல. அதை ஆராயத்தான் 1918ல குன்னூர்ல ஒரே ஒரு ரூம்ல மெக்காரிசன்ங்கிற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்சாரு, அதுதான் வளர்ந்து இன்னைக்கு ஐதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆக நம்மள காப்பாத்துனது ஊறல் நாத்தம்தான்யா.

ஜூரோங்_கடைமடை:

சார் பி1 இல்லாம போனா கால் ஏன் இழுக்குது? அதச் சொல்லுங்க, நான் பத்தாவதுல பயாலஜி பார்டர்ல பாஸ்.

டஸ்டர்:

உன் பேருலயே பதில் இருக்குப்பா. சோறு குளுக்கோஸா ஒடையுது, குளுக்கோஸ் செல்லுக்குள்ள பத்து படி எறங்கி பைருவேட் ஆவுது. இதுவரைக்கும் பி1 தேவையில்ல, கெடைக்கிற ஏடிபி, அதாவது செல்லு செலவழிக்கிற சக்திக் காசு, வெறும் ரெண்டு. அடுத்து பைருவேட் செல்லோட அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் அசிட்டைல் கோ-ஏ ஆவணும், அப்பத்தான் முப்பதுக்கு மேல கெடைக்கும். அந்த எடத்துல ஒரு மதகு, பேரு பைருவேட் டீஹைட்ரஜனேஸ். மதகு ஷட்டர தூக்கற கைப்பிடிதான் பி1லேர்ந்து ஒடம்பு செஞ்சுக்கற தயமின் பைரோபாஸ்பேட். கைப்பிடி இல்லன்னா ஆத்துல தண்ணி கரை முட்டப் போனாலும் வாய்க்கால்ல எறங்காது, மேல தேங்கி லாக்டிக் அமிலமா நிக்கும். அப்ப மொதல்ல காயறது எது? கடைமடை, வாய்க்காலோட கடைசில இருக்கற வயல். ஒடம்புல ரொம்ப நீளமான நரம்பு பாதத்துக்குப் போறது, அங்கதான் மொதல்ல மரத்துப்போவும். இதயம் நிக்காம வேலை செய்யற பம்பு செட்டு, அதுக்கு கரண்டு கொறஞ்சா கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதுல கொடுமை என்னன்னா சோறு அதிகமா தின்னத் தின்ன கைப்பிடி இன்னும் அதிகமா வேணும், பசிக்குதுன்னு வெறும் வெள்ளைச்சோத்தையே அள்ளிப் போட்டா நெலமை மோசமாவும். ஒடம்புல இருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் கிட்ட, ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் காணும்.

டியூட்டி_ரூம்:

இன்னைக்கும் பாக்குறோம் சார், சோத்தால இல்ல, சாராயத்தால. தெனம் குடிச்சுட்டு சாப்டாம கெடக்கறவங்க தள்ளாடிக்கிட்டு, கண்ணு ஒரு மாதிரி ஆடிக்கிட்டு வருவாங்க, வீட்டுல போதைன்னு நெனச்சு படுக்க வெச்சுருப்பாங்க. அவங்களுக்கு பி1 போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா நீங்க சொன்ன மதகுக் கதைதான், மூளை மாட்டிக்கும். அதனால பி1 ஊசி முந்தி.

அப்புறம் வெண்ணாத்தங்கரை அண்ணே, உங்க வீட்டுல புழுங்கல்ல மிச்சமிருந்த பி1லயும் நல்ல பங்கு வடிச்ச கஞ்சில மாட்டுக்குப் போவுது. மாட்டோட மொத வயித்துல இருக்கற பாக்டீரியா பி1, பி12 எல்லாம் அதுவே செஞ்சுக்கும், அதுக்கு உங்க கஞ்சி வைட்டமின் தேவையே இல்ல. பந்தில ஏப்பம் விடறவனுக்கே மறுசோறு வெக்கிற கதை.

நாற்றங்கால்:

ஆஹா, இப்ப வழிக்கு வந்தீங்க. கஞ்சிய வடிக்காம பொங்குங்க, இல்ல அந்தக் கஞ்சிய மோரு விட்டுக் குடிங்க. அதைத்தான் எங்க பாட்டி சொன்னாங்க.

டஸ்டர்:

பாட்டி சொன்னது சரி, குரூப்புல வந்ததுதான் தப்பு.

ஜூரோங்_கடைமடை:

இன்னொரு சந்தேகம். எங்கம்மா கூத்தாநல்லூர்லேர்ந்து போன் போட்டு ரேஷன் அரிசில பிளாஸ்டிக் கலக்குறான், களையும்போது மெதக்குதுன்னு பொறுக்கிப் பொறுக்கி எடுத்துப் போட்டுருக்காங்க.

ஆவிக்குடோன்:

ஐயையோ, அம்மா பொறுக்கிப் போட்டது இரும்புச்சத்தத்தான்! அது செறிவூட்டின அரிசி. அரிசி மாவுல இரும்பு, போலிக் அமிலம், பி12 கலந்து மெஷின்ல அரிசி மாதிரியே பிழிஞ்சு எடுக்குறது, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்போம். கொஞ்சம் மஞ்சளா, லேசா இருக்கும், அதான் மெதக்குது. கலந்த அரிசி ஒரு கிலோவுல இரும்பு 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் இருக்கணும்னு விதி. கணக்குப் போட்டுப் பாருங்க, வேணும்னே இரும்பக் கலந்தும் 100 கிராமுக்கு நாலு சொச்சம் தாண்டல. இதுல பழையசோறு 73ஐ எங்கேர்ந்து கொண்டுவந்துச்சு?

பழைய_சிஸ்டர்:

அம்மாகிட்ட களையற தண்ணியயும் ரொம்ப அலசி அலசி ஊத்த வேணாம்னு சொல்லுங்க தம்பி.

இவ்வளவு படிச்சவங்க பேசுறீங்க, ஒண்ணு கேக்குறேன். நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப குவாஷியோர்கர்னு ஒரு பேரு மனப்பாடம் பண்ணவே வராது. புள்ளைக்கு கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோலு உரிஞ்சு, சிரிக்கவே சிரிக்காது. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யாருக்காச்சும் தெரியுமா?

டஸ்டர்:

ஆப்பிரிக்காவுல இன்னைக்கு கானா இருக்கற எடத்துல பேசுற கா மொழிச் சொல்லு சிஸ்டர். சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு பொம்பளை டாக்டர் அங்க வேலை பார்த்தாங்க, 1933ல இந்த வியாதிய விவரிச்சு, 1935ல அந்த ஊர் தாய்மாருங்க சொன்ன பேரையே அப்படியே எழுதுனாங்க. அடுத்த புள்ளை பொறந்ததும் தாய்ப்பால் நின்னு போன மூத்த புள்ளைக்கு வர்ற நோவுன்னு அர்த்தம். பாலுல வந்த புரதம் நின்னு, வெறும் மாவுக்கஞ்சில புள்ளை வளரும்.

பழைய_சிஸ்டர்:

சவலை! அட, நாம சவலைப்புள்ளைங்கறது அதானே. அடுத்தது பொறந்து பால் மறந்த புள்ளை. எங்கயோ இருக்கற தாயும் இங்க இருக்கற தாயும் ஒரே எடத்தப் பார்த்து ஒரே பேரு வெச்சுருக்காங்க பாருங்க. இதை முப்பது வருசத்துல ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே, சொல்லிருந்தா மறந்தே இருக்க மாட்டேன். அப்பல்லாம் சத்துணவு மாவு உருண்டையும் பருப்பும் ஒரு முட்டையும் குடுத்து ரெண்டு மாசத்துல அதுங்க சிரிக்கறதப் பார்த்தா நமக்கு சம்பளமே வேணாம்னு தோணும்.

வெண்ணாத்தங்கரை:

ஆறு வாரம் கழிச்சு எட்டிப் பாக்குறேன், மன்னிச்சுக்குங்க, அறுப்பு நேரம், கொள்முதல் நிலையத்துல நெல்லோட நாலு நாள் படுத்துக் கெடந்தேன். சிஸ்டர் சொன்ன மாதிரி மாத்திரைய எலுமிச்சம்பழத் தண்ணிக்கு மாத்துனோம், டீ சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு மட்டும். பூச்சி மாத்திரை ஏற்கெனவே குடுத்துருந்தாங்களாம், அவ போட்டுருக்கா, எனக்குத்தான் தெரியல. வாரம் ரெண்டு நாள் சுவரொட்டி, முருங்கைக்கீரை ஆத்துக்கரைல சும்மாவே கெடைக்குது. நேத்து பார்த்ததுல எச்பி 10.1. டாக்டரம்மா தொடர்ந்து போடச் சொல்லிருக்காங்க.

அம்மா கஞ்சி வடிக்கறத நிறுத்தல, ஆனா மாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் மோரு ஊத்தி இவளுக்குப் போவுது. காலைல பழையதும் நடக்குது, நானும் சேந்து சாப்டறேன், இந்த வெயிலுக்கு அதை அடிச்சுக்க எதுவுமில்ல.

பழைய_சிஸ்டர்:

10.1ஆ! நல்லது தம்பி. பிரசவம் வரைக்கும் விடாம போடட்டும், அதுக்கப்புறமும் ஆறு மாசம் போடணும், அதை மறந்துடுவாங்க எல்லாரும்.

வெண்ணாத்தங்கரை:

சரிங்க சிஸ்டர், அட்டையிலயே எழுதி ஒட்டிடுறேன். அப்புறம் ஒரு சேதி. அந்த மெசேஜு இன்னைக்குக் காலைல மறுபடி குரூப்புல வந்துருக்கு. இந்த தடவை யாரோ புள்ளிய நகத்திட்டாங்க, 739.1ன்னு இருக்கு.

ஜூரோங்_கடைமடை:

ஆறு வாரம் ஊறிருக்குல்ல அண்ணே.